துண்டுக்கடியில் பட்டது

வெள்ளவேலம்பாளையத்துச் சந்தையில் துண்டுக்கடியில் கைகள் மனசைப் பேச ஆரம்பித்த திங்கட்கிழமையன்றும் வெயில் வழக்கம்போலத்தான் அடித்தது, டீக்கடையில் வழக்கம்போலத்தான் சர்க்கரையைக் குறைத்துப் போட்டார்கள், குப்பண்ணன் என்கிற தோட்டத்துக்காரர் தன்னுடைய சாம்பல்நிற மயிலைப் பசுவைக் கையில் பிடித்துக்கொண்டு, விற்றாலும் தேவலை, விற்காவிட்டாலும் தேவலை என்கிற முகத்தோடு வேலமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

மாட்டுச் சந்தையைப் பார்த்திராதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அங்கே விலையை வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் கிடையாது. தரகர் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து மாட்டுக்காரர் கைமேல் போர்த்தி, தன் கையையும் உள்ளே விட்டு, விரல்களைப் பிடித்தும் விட்டும் மடக்கியும்தான் பேரம் நடக்கும். சுற்றிலும் எத்தனை கூட்டம் நின்றாலும் உள்ளே நடப்பது அந்த இரண்டு கைகளுக்கு மட்டுமே தெரியும். முகத்தில் எதையும் காட்டக் கூடாது, காட்டினால் அவன் தரகன் இல்லை, வேறு ஏதாவது தொழிலுக்குப் போகலாம்.

சென்னியப்பன் முகத்தில் எதையும் காட்டாத தரகன். மாடு நடந்து வருகிற வாகைப் பார்த்தே, பல்லைப் பிடித்துப் பார்க்குமுன்பே, இது வண்டிக்கு ஆகும், இது ஆகாது, இது புதுக் கட்டுத்தறிக்குப் போனால் கொஞ்ச நாள் தண்ணீர் குடிக்காது என்றெல்லாம் சொல்லிவிடுவான். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் மனசில் பட்டது என்பான், அதற்குமேல் அவனுக்கே தெரியாது. மாட்டு விஷயத்தில் அவன் மனசில் பட்டது எதுவும் தப்பியதில்லை, அதனால் மற்ற எல்லா விஷயத்திலும் அவன் அதைக் கோயில் வாக்காக எடுத்துக்கொண்டான். வினையே அங்கேதான் இருந்தது.

சந்தையின் கிழக்கு ஓரத்தில் மயிலாத்தாள் கயிற்றுக்கடை வைத்திருந்தாள். புருசன் லாரி விபத்தில் போனபிறகு, கைக்குழந்தையாக இருந்த மகளை மடியில் போட்டுக்கொண்டு கயிறு திரித்து, மூக்கணாங்கயிறும் கழுத்துமணியும் சலங்கையும் விற்று அந்த மகளைப் படிக்கவைத்துப் பெங்களூருக்கு வேலைக்கும் அனுப்பிவிட்டவள். சென்னியப்பன் வாரம் தவறாமல் அந்தக் கடையில் ஒரு மூக்கணாங்கயிறு வாங்கினான். அவன் வீட்டில் மாடு கிடையாது, கல்யாணமும் ஆகவில்லை, நாற்பத்தைந்து வயதுக்கு அவன் சேர்த்த சொத்து என்று பார்த்தால் பரண் நிறையக் கயிறுதான். கட்டிக்கொள்ளலாமா என்று அவளைக் கேட்டுவிட ஒவ்வொரு வாரமும் போவான், வாயைத் திறக்கப் போகும்போது, கேட்காதே, மாட்டேன் என்பாள் என்று மனசில் படும், கயிற்றை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவான். மனசு சொல்லித் தப்பியதில்லையே. இப்படியே வருசங்கள் போயின. போன வாரம் கயிற்றைச் சுற்றிக் கொடுக்கும்போது, தை மாதம் முடிந்ததும் கடையைக் கட்டிவிட்டு மகளிடமே போய்விடப் போவதாக அவள் சொன்னாள். சென்னியப்பன் அன்றைக்கு இரண்டு கயிறு வாங்கினான்.

அப்படிப்பட்ட நிலைமையில்தான் அந்தத் திங்கட்கிழமை அவன் குப்பண்ணன் கைமேல் துண்டைப் போட்டான். விரல் பேசுவதற்கு முன்பே அவனுக்கு எல்லாம் தெரிந்தது: இடி இடித்தால் இந்தப் பசு பால் சொம்பை உதைக்கும், இதை விற்கப்போகிற கோபத்தில் குப்பண்ணன் சம்சாரம் காலையிலிருந்து காப்பி குடிக்கவில்லை, இது வயிற்றில் கிடாரிக் கன்று வைத்திருக்கிறது, விற்றால் வருத்தப்படப் போகிறோம் என்று குப்பண்ணன் மனசில் ஒரு மாதமாகப் பட்டுக்கொண்டே இருக்கிறது. குப்பண்ணன் இதை யாரிடமும் சொன்னதில்லை, தனக்கே சொல்லிக்கொண்டதுமில்லை. மனசில் பட்டதெல்லாம் கை வழியாக அப்படியே இந்தப் பக்கம் வந்துவிட்டது.

சென்னியப்பன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மாட்டை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகச் சொன்னான். அதுதான் எனக்கும் பட்டது என்று குப்பண்ணன் கயிற்றைப் பிடித்தார். இரண்டடி நடந்தவர் திரும்பி, கயிற்றுக்கடைப் பக்கம் ஒரு தரம் பார்த்து, சென்னியப்பனை ஒரு தரம் பார்த்து, மீசைக்குள் சிரித்துக்கொண்டு போனார். துண்டு இரண்டு பக்கமும் போகிற பாதை என்பது சென்னியப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவன் துண்டு மட்டுமில்லை, அன்று முதல் சந்தைக்குள் எந்தத் துண்டுக்கடியில் எந்த இரண்டு கைகள் சேர்ந்தாலும் இதே கதைதான். சந்தை கேட்டைத் தாண்டினால் துண்டு வெறும் துண்டு, முகம் துடைக்கலாம், தலைக்குக் கட்டலாம். ஈரோட்டில் சாயத்தை மாற்றிவிட்டார்கள், அதனால்தான் என்று சிலர் சொன்னார்கள். சந்தை மேலே போகிற மின்கம்பிதான் காரணம் என்று வேறு சிலர் சொன்னார்கள். மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்ததில் அவள் மனசு குளிர்ந்துபோனாள் என்று டீக்கடையில் ஒரு பேச்சு இருந்தது. ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு வாரம் கிடைத்தது, பிறகு மழை எப்போது வரும் என்கிற பேச்சு வந்துவிட்டது.

தரகர் சங்கத் தலைவர் அத்தப்பன்தான் முதலில் கொதித்தார். கிழட்டுக் காளையைக் கன்று என்று விற்கக்கூடிய வாய் அவருடையது, அந்த வாய்க்கு இனி என்ன மரியாதை என்று கூட்டம் போட்டுக் கேட்டார். துண்டே வேண்டாம், செல்போனில் விலையைத் தட்டிக் காட்டிக்கொள்ளலாம் என்று தீர்மானமும் போட்டார்கள். அடுத்த திங்களன்று ஆளாளுக்கு வெயிலில் திரை தெரியாமல் போனைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றதில் ஒரு கன்றுக்குட்டிகூட விலை போகவில்லை, மத்தியானத்துக்குள் அத்தப்பனே முதல் ஆளாகத் துண்டை எடுத்தார். பொய் சொல்ல முடியாததால் பேரங்கள் சட்டுச்சட்டென்று முடிந்தன. மிச்சமான நேரத்தில் எல்லோரும் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார்கள், இத்தனை வருசமாக நின்றுகொண்டே தின்ற புரோட்டாவுக்கு இவ்வளவு ருசியா என்று அத்தப்பன் வியந்துபோனார்.

மாடுகளோடு இது நின்றிருந்தால் பரவாயில்லை. சம்பந்தம் பேச வந்தவர்கள் பட்டுச்சேலையும் வெள்ளைவேட்டியுமாகச் சாணிக்கு நடுவே வந்து நின்று, சம்பந்தி கையைத் துண்டுக்குள் பிடித்தார்கள். மாமியாரும் மருமகளும் வந்தார்கள், வரும்போது ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்து, போகும்போது ஒரே பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வாயாடிக்கொண்டு போனார்கள். ஒரு பெண்வீட்டார் மட்டும், இந்தப் பையன் குடிப்பான் என்று பெண்ணின் அப்பன்காரர் கையில் பட்டதை நம்பிச் சம்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள், அந்தப் பையனோ மோரைத் தவிர எதையும் தொடாதவன், அந்த அப்பன்காரரின் மூத்த மாப்பிள்ளை ஏற்கெனவே குடித்துக் குடித்து அவர் மனசை அப்படிப் பயமுறுத்தி வைத்திருந்தான். அதை யாரும் அப்போது யோசித்துப் பார்க்கவில்லை. துண்டு சொன்னால் சொன்னதுதான் என்று ஊர் இருந்தது.

சென்னியப்பன் விஷயம் இதற்குள் சந்தை முழுக்கப் போய்விட்டது. அவன் கையிலிருந்து குப்பண்ணனுக்கும், குப்பண்ணன் கையிலிருந்து இன்னொருவருக்கும், இப்படியே கை மாறி மாறி, ஆடு வாங்க வந்த வெளியூர்க்காரர் வரைக்கும் தெரிந்தது. ஆனால் கொங்கு நாட்டு மரியாதை என்று ஒன்று இருக்கிறதே, ஒருத்தரும் அவனிடம் நேரே கேட்கவில்லை. கயிறு வாங்கியாச்சுங்களா என்று மட்டும் விசாரித்தார்கள், ஒருவர் விடாமல் விசாரித்தார்கள். விஷயம் தெரியாமல் இருந்தது மயிலாத்தாளுக்கு மட்டும்தான் என்று சென்னியப்பன் நினைத்துக்கொண்டான், ஏனென்றால் அவள் விலையை வாயால் சொல்லி விற்கிறவள், துண்டுக்குள் கை விடுகிற வேலை அவளுக்கில்லை.

இதில் அவனுக்கு ஒரு லாபமும் இருந்தது. அவன் மனசு மற்றவர்களுக்குப் போனதுபோல மற்றவர்கள் மனசில் பட்டதும் அவனுக்கு வந்தது. பிடித்த கையெல்லாம், அவள் சம்மதிப்பாள், சம்மதிப்பாள் என்று சொன்னது. அத்தப்பனின் கொழுத்த கை சொன்னது, குப்பண்ணனின் காய்ந்த கை சொன்னது, விதவைக்குக் கல்யாணமா என்று முதல் வாரம் முறுக்கிக்கொண்ட கைகள்கூட அடுத்தடுத்த வாரங்களில் இளகி அதையே சொல்ல ஆரம்பித்தன. தன் மனசு ஒருத்தன் மனசு, இது ஊர் மனசு, ஊரே தப்பாகச் சொல்லுமா என்று சென்னியப்பன் யோசித்தான். தை பிறந்தது. வருகிற திங்கள் கேட்டுவிடுவது என்று முடிவு பண்ணி, புதுச் சட்டைக்குத் துணி எடுத்து டெய்லரிடமும் கொடுத்துவிட்டான்.

அந்த வாரம்தான் ஊரில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போட்டார்கள். குடிதண்ணீருக்கு எங்கே குழாய் இறக்குவது என்று தெரியாமல், பஞ்சாயத்தார், வீட்டுக்கு ஒருவராகச் சந்தைக்குள் கூட்டிவந்து, எட்டு முழ வேட்டியை விரித்துப் பிடித்து, அதற்கடியில் எல்லோரையும் கை கோக்கச் சொன்னார்கள். எல்லாக் கையிலும் ஒரே இடம்தான் பட்டது: மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால், ஊருக்கு நட்டநடுவே, எல்லா வீட்டுக்கும் ஒரே தூரம். லாரி வந்தது, தேங்காய் உடைத்தார்கள், துளை இறங்கியது. புழுதி வந்தது. இன்னும் இறங்கியது, இன்னும் புழுதி வந்தது. லாரிக்காரர் பரிதாபப்பட்டுத் தன் கணக்கில் கொஞ்சம் இறக்கிப் பார்த்தார், அப்போதும் புழுதிதான், அதில் நின்றுகொண்டிருந்த அத்தனை பேரும் பூசணிக்காய் போலச் சாம்பல் பூத்து, ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சென்னியப்பனும் அந்தப் புழுதியில்தான் நின்றான். அவன் கையும் அந்த வேட்டிக்கடியில் இருந்த கைதான். மற்றவர்களுக்குத் தண்ணீர் போச்சு, அவனுக்கு மயிலாத்தாள் போனாள். ஊர் மொத்தமும் தண்ணீர் என்று சொன்ன இடத்தில் இதுதான் கிடைத்தது என்றால், ஊர் மொத்தமும் சம்மதிப்பாள் என்று சொல்வதை என்ன செய்வது? அவன் டெய்லர் கடைக்குப் போய்ச் சட்டை அவசரமில்லை என்று சொல்லிவிட்டு வந்தான். அன்றைக்கு அவன் நெஞ்சு வலித்தது, நிஜமாகவே வலித்தது.

அடுத்த திங்களன்று சந்தையில் ஒருவரும் துண்டைத் தொடவில்லை. ஏமாற்றிய சொந்தக்காரனைப் பார்ப்பது போலத் தோளில் கிடந்த துண்டை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது மிதுனா டாக்டர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கால்நடை ஆஸ்பத்திரிக்கு வந்து நாலைந்து வருசம் ஆகிறது, சந்தை நாளில் ஊசிப் பெட்டியோடு வந்துவிடுவாள், துண்டு பேச ஆரம்பித்த பிறகு தனக்கென்று ஒரு பூப்போட்ட துண்டும் வாங்கி வைத்திருந்தாள். எல்லோருமாகச் சேர்ந்து, துண்டு பொய் சொல்லிவிட்டது என்று அவளிடம் முறையிட்டார்கள். அவள் டீயை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, சென்னியப்பனைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணா, ஒரு மாட்டுக்கு இந்த மருந்து ஆகாதுன்னு உங்க கையில பட்டா, நான் ஊசி போடறதுக்கு முன்னாடி உங்களைக் கேட்டுக்குவேன். முப்பது வருசமா மாட்டைத் தொட்ட கை அது. தொட்டதெல்லாம் உள்ளார போய்க் கெடக்குது, நீங்க கூப்பிடாமலே அது வருது. பூமிக்கு அடியில என்ன இருக்குதுன்னு அந்தக் கை என்னைக்குத் தொட்டுப் பாத்துச்சு?"

பிறகு தன் கதையையும் சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கன்று செத்துப்போய், மறுநாள் வேறொரு கன்றைத் தொட்டபோது இதுவும் பிழைக்காது என்று அவளுக்கு அடித்துச் சொல்வதுபோலப் பட்டதாம். அந்தக் கன்றுதான் இப்போது அத்தப்பன் தோட்டத்து வேலியை வாரத்துக்கொரு தரம் பிடுங்குகிற காளை. தெரிந்து பட்டதும் பயந்து பட்டதும் ஆசைப்பட்டுப் பட்டதும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வருகின்றன, உள்ளே யார் என்று பார்ப்பது நம் பொறுப்பு, துண்டின் பொறுப்பு இல்லை என்றாள். வேட்டிக்கடியில் கை கோத்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தன் வீட்டுக்குப் பக்கத்தில் குழாய் வர வேண்டும் என்று ஆசைப்படாத கை அதில் ஒன்றுகூட இல்லை, அத்தனை ஆசையும் ஒன்றையொன்று இழுத்துத்தான் ஊருக்கு நட்டநடுவே வந்து நின்றிருந்தது.

அன்றிலிருந்து சந்தையில் ஒரு வழக்கம் வந்தது. துண்டை எடுக்குமுன் ஒருவரை ஒருவர், "தெரிஞ்சதுங்களா, பயமுங்களா, ஆசையுங்களா?" என்று கேட்டுக்கொண்டார்கள். கேட்டவுடன் பதில் சொன்னவர்களை யாரும் நம்பவில்லை, கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தவர்களை நம்பினார்கள்.

டாக்டர் ஸ்கூட்டரைக் கிளப்பப் போகையில் சென்னியப்பன் அவள் பின்னாலேயே போய் நின்றான். அவளுக்கும் விஷயம் தெரியும், அவள் கையும் எத்தனையோ கைகளைப் பிடித்த கைதானே. மாட்டேன் என்பாள் என்று எனக்குப் படுகிறது, சம்மதிப்பாள் என்று ஊருக்குப் படுகிறது, ஒன்று பயமாக இருக்கலாம், ஒன்று ஆசையாக இருக்கலாம், அப்புறம் நிஜம் எது என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது என்று கேட்டான்.

"போர் போட்டுத்தாண்ணா," என்றாள் மிதுனா.

தை மாதத்துக் கடைசித் திங்கள் வந்தது. கிழக்கு ஓரத்தில் மயிலாத்தாள் கயிறுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள், மணிகள் சாக்குக்குள் விழுகிற சத்தம் சந்தை முழுக்கக் கேட்டது. அத்தப்பன் சென்னியப்பனைத் தனியே இழுத்து, ஒரு வழி சொன்னார்: கயிற்றை மொத்தமாக விலை பேசுகிற மாதிரி போய்க் கையில் துண்டைப் போட்டுவிடு, கேட்காமலே தெரிந்துபோகும், மானமும் போகாது. சென்னியப்பனுக்கு அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தான். மாடுகளுக்கு நடுவே நடந்து போகையில்தான் அவனுக்கு உறைத்தது, இத்தனை நாள் மனசில் பட்டதைத்தான் கை சொல்லும், அவளை இதுவரை ஒருத்தரும் எதுவும் கேட்கவே இல்லையே, கேட்காத கேள்விக்குக் கையில் பதில் எங்கிருந்து வரும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். மாட்டேன் என்பாள் என்று அப்போதும் மனசில் அடித்துக்கொண்டேதான் இருந்தது, அதை அவனால் நிறுத்த முடியவில்லை, அதையும் கூட்டிக்கொண்டே போய் நின்றான்.

"கயிறா?" என்றாள் மயிலாத்தாள். "சாக்குல போட்டுட்டனே. இருங்க, எடுத்துத் தாரேன்."

"கயிறு வேண்டாமுங்க. நீங்க போகாதீங்க, மயிலாத்தா. என்னைக் கட்டிக்குவீங்களான்னு கேக்கறதுக்குத்தான் வந்தனுங்க. இத்தனை வருசமா அதுக்குத்தான் வந்தனுங்க."

சந்தையில் அந்த நேரத்தில் எல்லோருமே மாட்டுக்குப் பல் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பல்லே முளைக்காத கன்றுக்கும் அத்தப்பன் பல் பார்த்துக்கொண்டிருந்தார். மயிலாத்தாள் கையிலிருந்த கயிற்றைச் சாக்கில் போடவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. அவள் கண் கலங்கியது, அப்புறம் சிரிப்பு வந்தது, இரண்டும் ஒன்றாக வந்ததில் என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"மாடில்லாதவரு எதுக்குக் கயிறு வாங்கறாருன்னு தெரியாத அளவுக்கு நான் மக்கு இல்லீங்க. ஆனா நீங்க கேக்கவே மாட்டீங்கன்னு மனசுல பட்டுப்போச்சு. என்ற மனசு சொல்லி எதுவும் தப்பினதில்லை, புருசன் போன அன்னைக்குக்கூட மொதல்லயே பட்டுது. அதனால அதை நம்பிக் கடையைக் கட்டிப்போட்டனுங்க." அவள் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தாள். "தப்பிப்போச்சுங்க. அது தப்பறது இவ்வளவு சந்தோசமா இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க."

மயிலாத்தாள் சாக்கை அவன் பக்கமாகத் தள்ளினாள்.

"நின்னா எப்படி? எல்லாத்தையும் திருப்பி மாட்டோணுமில்ல. புள்ளைகிட்ட நான் சொல்லிக்கறேன்."

அவள் நீட்டிய கயிற்றை வாங்கும்போது அவள் கையும் சேர்ந்து அவன் கைக்குள் வந்தது. பழக்கதோஷம், அவன் இடது கை தானாகத் தோள்துண்டை இழுத்து மேலே போர்த்தப் போனது. மயிலாத்தாள் அதை உருவிச் சாக்குமேல் போட்டாள், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்றாள். அந்தச் சந்தை தொடங்கிய காலத்திலிருந்து இரண்டு கைகள் பட்டப்பகலில் மூடாமல் பிடித்துக்கொண்டு நின்றது அதுதான் முதல் தடவை. சென்னியப்பன் பிடித்துப் பார்த்தான். அவள் என்ன நினைக்கிறாள், நாளைக்கு என்ன ஆகும், மகள் என்ன சொல்வாள், எதுவும் தெரியவில்லை. கயிறு திரித்துக் காய்த்துப்போன ஒரு உள்ளங்கை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. ஒன்றும் தெரியாமல் அவன் ஒரு கையைப் பிடித்ததே இல்லை, அதனால் அதை விடவும் தெரியாமல், முகம் முழுக்கச் சிரிப்பைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றான்.